லோகோவை யாரிடம் கொடுப்பது? சிறு தொழில் செய்பவர்களுக்கான வழிகளும் அவற்றின் ஒப்பீடும்

சிறிய அளவில் தொழில் தொடங்குபவர் வடிவமைப்பாளரைத் தேடும்போது கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதில் தவறில்லை. கையில் இருக்கும் பணத்துக்குள்தான் எல்லாமே நடக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிட்டால் முடிவு பெரும்பாலும் பிசகிவிடுகிறது. இலவசச் செயலியில் ஏற்கெனவே செய்துவைத்த மாதிரி வடிவத்தை, அதாவது வார்ப்புருவைத் திருத்திக்கொள்வது, அச்சடிக்கும் இடத்திலேயே டிசைனையும் முடித்துக்கொள்வது, இணையத்தில் போட்டி வைப்பது, தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளரை அமர்த்துவது, வடிவமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைப்பது, சம்பளத்துக்கு ஆள் வைப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒரே பொருளின் மலிவு ரகம், உயர்ந்த ரகம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு வழியிலும் யோசிக்கும் பொறுப்பு வெவ்வேறு ஆளின் தலையில் விழுகிறது. வார்ப்புருவில் அது முழுக்க உங்கள் பொறுப்பு. நல்ல வடிவமைப்பாளரிடம் போனால் பாதிக்கு மேல் அவர் சுமப்பார். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது முக்கியமாக அந்த யோசனையைத்தான்.

அதனால் எந்த முடிவுகளை நானே எடுக்க முடியும், எவற்றை இன்னொருவர் யோசித்துத் தந்தால் நல்லது என்ற கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு இந்த வழிகளைப் பார்க்கலாம்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு சிறு தொழிலுக்கு வேண்டிய வடிவமைப்பு வேலைகளை, அவை எவ்வளவு காலம் நிற்கப் போகின்றன என்பதை வைத்துப் பிரிப்பது எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. லோகோ, பெயர் எழுதப்படும் விதம், நிறங்கள், பெயர்ப்பலகை, பொருளின் லேபிள் ஆகியவை பல ஆண்டுகள் கூடவே வருபவை. விலைப்பட்டியல், கையேடு, கண்காட்சிப் பதாகை போன்றவை ஒரு பருவத்துக்கு உதவுபவை. சமூக ஊடகப் பதிவு, விடுமுறை அறிவிப்பு, தள்ளுபடிச் செய்தி ஆகியவற்றின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் ஒரு வாரம்.

நடைமுறையில் பணம் இதற்கு நேர்மாறாகச் செலவாகிறது. தொழில் தொடங்கும்போது கையில் காசு இருக்காது. அதனால் பத்து ஆண்டு நிற்க வேண்டிய லோகோ ஒரே இரவில் இலவசமாக முடிந்துவிடுகிறது. வருமானம் வரத் தொடங்கிய பிறகு, மறுநாளே மறைந்துபோகும் பதிவுகளுக்கு மாதாமாதம் பணம் போகிறது. நீண்ட நாள் நிற்பதற்குப் பணம் கொடுத்து, அன்றாட வேலையை வடிவமைப்பாளர் போட்டுத் தந்த சட்டகத்துக்குள் நாமே செய்துகொள்வதுதான் சரியான வரிசை என்று உறுதியாகச் சொல்வேன்.

நீண்ட நாள் நிற்பவை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு டிராபிகானா பழச்சாறு நிறுவனம் 2009இல் பட்ட பாடு நல்ல சான்று. அமெரிக்காவில் தன் பெட்டியின் முகப்பை அது முற்றிலும் மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்தியிருக்கும் பழைய படத்தின் இடத்தில் பழச்சாறு நிறைந்த கண்ணாடிக் குவளை வந்தது. வழக்கமாக வாங்குபவர்கள் அலமாரியில் பொருளை அடையாளம் காணத் தடுமாறினார்கள். இரண்டே மாதத்தில் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்ததாகச் செய்திகள் வந்தன. பழைய பெட்டி திரும்ப வந்தது. 2010இல் கேப் என்ற ஆடை நிறுவனம் புதிய லோகோவை வெளியிட்டு, எதிர்ப்பைப் பார்த்து ஒரு வாரத்துக்குள் பழையதற்கே போனது. மக்கள் கண்ணால் பழகிவைத்திருக்கும் அடையாளத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லோகோ என்று மாற்றிக்கொண்டிருக்கும் சிறு தொழில், அந்தப் பழக்கம் வேர்விடும் முன்பே அதைப் பிடுங்கிவிடுகிறது.

நாமே செய்துகொள்வது

2013இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கேன்வா போன்ற செயலிகள் வந்த பிறகு, மென்பொருள் பயிற்சி இல்லாதவரும் பார்க்கும்படியான ஒரு பதாகையைச் செய்துவிட முடிகிறது. இது உண்மையான நன்மை. அன்றாடப் பதிவுகளுக்கு இதைவிட வசதியான வழி இப்போது இல்லை.

லோகோவுக்கு இது பொருந்தாது. வார்ப்புருக்களிலும் படத் தொகுப்பிலும் இருக்கும் உருவங்களைப் பயன்படுத்த உங்களுக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே. அதே அனுமதி இன்னும் எத்தனையோ பேருக்கு உண்டு. உங்கள் லோகோவில் இருக்கும் அதே இலை, உங்கள் போட்டியாளரின் லோகோவிலும் நாளை வரலாம், அதைத் தடுக்க உங்களுக்கு வழி இருக்காது. அப்படிப்பட்ட உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யவும் சிக்கல் வரும். இன்னொரு செலவும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்கும் நேரம், அவர் வாடிக்கையாளரோடு பேசியிருக்கக் கூடிய, அல்லது தூங்கியிருக்கக் கூடிய நேரம்.

செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கும் கருவிகளையும் இந்த வழியில்தான் சேர்க்க வேண்டும். அங்கும் யோசிக்கும் பொறுப்பு உங்களுடையதே. எண்ணங்களைத் தேடுவதற்கும், "இந்த மாதிரி ஒரு உணர்வு வேண்டும்" என்று வடிவமைப்பாளரிடம் காட்டுவதற்கும் அவை உதவும். இறுதி லோகோவாக எடுத்துக்கொள்ளும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: மனிதப் படைப்பு இல்லாத, கருவி மட்டுமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு கிடையாது என்பதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் தொழிலின் முகம் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடியதாக இருப்பது நல்ல தொடக்கம் அல்ல.

அச்சடிக்கும் இடத்திலேயே முடித்துக்கொள்வது

விசிட்டிங் கார்டு, ரசீதுப் புத்தகம், துண்டறிக்கை போன்ற வேலைகளுக்கு இது போதுமானது, வேகமானதும்கூட. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் காகிதமும் மையும் இயந்திரமும் அத்துப்படி. எந்த நிறம் அச்சில் மங்கும் என்பதை அவர் பல வடிவமைப்பாளர்களைவிட நன்றாக அறிந்திருப்பார். ஆனால் அவருக்கு ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலைகள் ஏராளம். உங்கள் வாடிக்கையாளர் யார் என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை, அதற்கு நீங்கள் பணம் கொடுக்கவும் இல்லை. பின்னால் திருத்த உதவும் மூலக் கோப்பும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை வேறு இடத்தில் அச்சடிக்க நினைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

போட்டியும் இணையச் சந்தையும்

2008இல் மெல்பர்னில் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற தளங்களில் போட்டி வைத்தால் பல வடிவமைப்பாளர்கள் தலைக்கு ஒரு மாதிரி அனுப்புவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். தேர்வு செய்ய நிறைய இருக்கிறது என்பதால் வாங்குபவருக்கு இது மிகவும் சாதகமாகத் தெரிகிறது.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். முதலாவது நியாயம் பற்றியது. ஒருவருக்குக் கூலி கிடைக்க, மற்ற எல்லோரும் சும்மா உழைக்கிறார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்களின் அமைப்பான ஏஐஜிஏ, கூலி உறுதியில்லாமல் வேலை செய்து காட்டச் சொல்வதைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்திருப்பதும் இதனால்தான். இரண்டாவது தயக்கம் உங்கள் நலன் சார்ந்தது. பணம் வருமா என்று தெரியாத ஒருவர் உங்கள் தொழிலைப் புரிந்துகொள்ள மூன்று நாள் செலவிட மாட்டார். முப்பது மாதிரி வந்தாலும், முப்பதும் மேலோட்டமான அறிமுகத்திலிருந்து பிறந்தவை. அவற்றில் எது சரி என்று முடிவெடுக்கும் பொறுப்பு, அதற்குப் பயிற்சி இல்லாத உங்களிடமே திரும்பி வருகிறது.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் இருக்கிறார். ஐபிஎம் நிறுவனத்தின் லோகோவை உருவாக்கியவர். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு லோகோ கேட்டபோது, 1,00,000 டாலர் கட்டணத்துக்கு ஒரே ஒரு வடிவத்தைக் கொடுத்தார். அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு நூலையும் கூடவே தந்தார். அந்தத் தொகையை எந்தச் சிறு தொழிலும் கனவில்கூட நினைக்க முடியாது. ஆனால் அவர் வேலை செய்த முறையைச் சிறு தொழிலும் கேட்டுப் பெறலாம். காரணத்தோடு வரும் இரண்டு மாதிரிகள், காரணம் இல்லாமல் வரும் முப்பதைவிட மேல்.

போட்டி இல்லாமல் நேரடியாக ஆள் பிடிக்கும் இணையச் சந்தைகள் வேறு வகை. ஒரு வேலைக்கு 5 டாலர் என்று 2010இல் தொடங்கிய ஃபைவர் இன்று பல விலைகளில் ஆட்களைக் கொண்டிருக்கிறது. பின்னணி நீக்குவது, பழைய லோகோவைத் தெளிவாகத் திருப்பி வரைவது, ஏற்கெனவே இருக்கும் கையேட்டில் விலைகளை மாற்றுவது என எல்லை தெளிவாகத் தெரிந்த வேலைகளுக்கு இது மிக நல்ல வழி. "என் தொழிலுக்கு ஒரு முகம் வேண்டும்" என்ற அளவில் மட்டும் சொல்லத் தெரிந்த நிலையில் அங்கே போவது வீண். விலை மிகக் குறைவாக இருந்தால், வந்த லோகோ வேறு எங்காவது இருக்கிறதா என்று படத்தை வைத்து இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்

சிறு தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். காரணம் எளிது: உங்களோடு பேசுபவரும் யோசிப்பவரும் வரைபவரும் ஒரே ஆள். இடையில் யாரும் இல்லாததால் நீங்கள் சொன்னது திரிந்து போகாது. இரண்டாம், மூன்றாம் வேலைக்கு அவர் வரும்போது உங்கள் தொழிலை ஏற்கெனவே அறிந்திருப்பார். விளக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் குறையும்.

நைக்கி நிறுவனத்தின் லோகோவை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி 35 டாலருக்குச் செய்துகொடுத்தார் என்ற செய்தியை, "லோகோவுக்கு ஏன் இவ்வளவு பணம்?" என்று கேட்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அவர் ஏற்கெனவே மணிக்கு 2 டாலர் கூலியில் நைக்கியின் நிறுவனர் நடத்திய சிறிய வணிகத்துக்கு வேலை செய்துவந்தவர். லோகோவுக்குப் பிறகும் சில ஆண்டுகள் அதே நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலைகளைச் செய்தார். 1983இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளைக் கொடுத்துக் கௌரவித்தது. 35 டாலர் என்ற எண்ணைவிட, தொடக்கத்திலிருந்தே அருகில் இருந்த ஒரு வடிவமைப்பாளரோடு நிலைத்த உறவு இருந்தது என்பதுதான் சிறு தொழில் செய்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அவருடைய முந்தைய வேலைகளைப் பார்க்கும்போது அழகை மட்டும் பார்க்காதீர்கள். பல் மருத்துவமனைக்கும் பொம்மைக் கடைக்கும் தையல் நிலையத்துக்கும் செய்தவை ஒரே சாயலில் இருந்தால், அவர் தன் விருப்பத்தை எல்லோர் மேலும் பூசுகிறார் என்று அர்த்தம். ஒரு வேலையைச் சுட்டிக்காட்டி, "இவர்களுக்கு என்ன சிக்கல் இருந்தது? நீங்கள் ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தை முதலில் கேட்பவரைவிட, உங்களிடம் வாங்குபவர் யார், அவர் உங்கள் பெயரை முதலில் எங்கே பார்க்கிறார் என்று கேட்பவரை நான் தேர்ந்தெடுப்பேன்.

முன்பு அவரிடம் வேலை வாங்கிய இருவரோடு பேசுவது மிகவும் உதவும். நேரத்துக்கு வந்ததா, கோப்புகளை முழுமையாகக் கொடுத்தாரா, கருத்து வேறுபாடு வந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்ற மூன்றும் கேட்க வேண்டியவை. பிறகு லோகோவுக்குப் போகும் முன் ஒரு சிறிய வேலையைப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு துண்டறிக்கை அல்லது லேபிள் போதும். சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தச் சோதனையை இலவசமாகக் கேட்கக் கூடாது. நல்ல வடிவமைப்பாளர்கள் அந்த இடத்திலேயே விலகிக்கொள்வார்கள்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் என்பதால் அவர் நோயுற்றாலோ, வேறு பெரிய வேலையில் மூழ்கினாலோ உங்கள் வேலை நின்றுவிடும். இதற்கு ஒரே பாதுகாப்பு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் கோப்புகளை உடனே வாங்கி வைத்துக்கொள்வது.

நிறுவனமும் ஊழியரும்

வடிவமைப்பு நிறுவனத்தில் வரைபவர், எழுதுபவர், புகைப்படக்காரர், இணையதளம் செய்பவர் எல்லோரும் ஒரே கூரைக்குள் கிடைப்பார்கள். பெயர், பெட்டி, இணையதளம், படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும் என்றால் இந்தச் செலவு நியாயமானது. பங்குதாரர்கள் நான்கு பேர் இருந்து, நான்கு பேருக்கும் நான்கு கருத்து இருந்தாலும் நிறுவனம் நல்லது. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதில் அவர்களுக்குப் பழக்கம் இருக்கும். மற்றபடி, சிறிய வாடிக்கையாளருக்கு அங்கே முன்னுரிமை குறைவு. முதல் சந்திப்பில் பேசும் அனுபவசாலியும் பிறகு வேலையைச் செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கக் கூடும். "என் வேலையைச் செய்யப் போவது யார்? அவரோடு நான் நேரடியாகப் பேசலாமா?" என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது, நாள்தோறும் வேலை இருப்பவர்களுக்கு மட்டும். நூற்றுக்கணக்கான பொருட்கள், வாரந்தோறும் மாறும் விலைகள், இணைய விற்பனைக்கான படங்கள் என்று இருந்தால் வைக்கலாம். பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிதாகப் படித்து முடித்தவரைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்து, தொழிலின் அடையாளத்தையே அவர் உருவாக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது. வழிகாட்ட மூத்தவர் யாரும் இல்லாத இடத்தில் அந்த இளைஞரும் வளர மாட்டார். அனுபவமுள்ள வெளி ஆள் ஒருவர் அடையாளத்தையும் விதிகளையும் வகுத்துத் தர, உள்ளே இருப்பவர் அவற்றை அன்றாடம் செயல்படுத்துவது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

பணத்தை எப்படிக் கணக்கிடுவது

மணிக்கணக்கில் கொடுப்பதா, வேலைக்கு இவ்வளவு என்று பேசுவதா, மாதத்துக்கு ஒரு தொகை வைப்பதா? லோகோ போன்ற வேலைக்கு மொத்தத் தொகையே நல்லது. 1998இல் சிட்டி வங்கியின் லோகோவுக்கான முதல் கோட்டுருவைப் பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் பாலா ஷெர் ஒரு சந்திப்பின்போதே காகிதக் கைக்குட்டையில் வரைந்தார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. சில நிமிட வேலைதான், ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டு அனுபவம் இருந்தது. இதை மணிக்கணக்கில் அளந்தால் வேகமாகச் செய்யத் தெரிந்தவருக்குக் குறைவாகவும், தடுமாறுபவருக்கு அதிகமாகவும் கொடுக்க நேரும். திருத்தங்கள், சின்னச் சின்ன மாற்றங்கள் என்று அளவு முன்கூட்டியே தெரியாத வேலைகளுக்கு மணிக்கணக்கு பொருந்தும். மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை இருந்தால் மாதத் தொகை இருவருக்கும் நிம்மதி.

முன்பணமாக ஒரு பகுதி, கோப்புகளை ஒப்படைக்கும்போது மீதி என்பது பரவலான நடைமுறை. முன்பணம் கேட்பதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஒப்பந்தப் பத்திரம் வேண்டாம், ஒரு பக்கம் போதும்: என்னென்ன கிடைக்கும், எத்தனை சுற்றுத் திருத்தம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் எப்போது, பாதியில் நின்றால் என்ன, உரிமை யாருக்கு.

சேர்ந்து வேலை செய்வது

நல்ல ஆளைப் பிடித்தும் வேலை கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, உரிமையாளர் தர வேண்டிய எழுத்தும் படங்களும் நேரத்துக்கு வராதது. கையேட்டுக்கான வாசகங்கள் தயாராகாமல் வடிவமைப்பாளர் எதை அடுக்குவார்? பொருளின் பெயர், அளவு, விலை, தொடர்பு எண் எல்லாவற்றையும் எழுத்துப்பிழை பார்த்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது.

மற்றொன்று, கருத்துச் சொல்லும் முறை. "இன்னும் பளிச்சென்று வேண்டும்", "ஏதோ ஒன்று குறைகிறது" என்ற சொற்களை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. "பத்து அடி தள்ளி நின்றால் பெயரைப் படிக்க முடியவில்லை", "இந்த லேபிள் மருந்து போலத் தெரிகிறது, இது குழந்தைகளுக்கான சோப்பு" என்று சிக்கலைச் சொல்லுங்கள். தீர்வை அவரிடம் விடுங்கள். "எழுத்தைச் சிவப்பாக்குங்கள்" என்று நீங்களே தீர்வைக் கட்டளையிட்டால், பணம் கொடுத்து வாங்கிய யோசனையை நீங்களே வேண்டாம் என்று ஒதுக்குகிறீர்கள். அவர் தந்த வடிவம் உங்கள் சொந்த ரசனைக்கு ஒத்துவராமல் போகலாம். வாங்குபவரின் ரசனையோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சில விஷயங்களில் ரசனைக்கே இடம் இல்லை, அளந்து பார்க்கலாம். இணையப் பக்கங்களைப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் சர்வதேச வழிகாட்டுதல், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது. இதை அளக்க இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து அழகா இல்லையா என்று வாதாடுவதைவிட அளந்துவிடுவது சுலபம்.

கருத்துகளைச் சேர்த்து, எண்ணிட்டு, ஒரே ஆள் அனுப்ப வேண்டும். காலையில் கணவர் ஒன்று, மாலையில் மனைவி ஒன்று, இரவில் வாட்ஸ்அப்பில் பங்குதாரர் ஒன்று என்று போனால், மூன்று சுற்றுத் திருத்தம் முதல் நாளே தீர்ந்துவிடும். எல்லோரும் முதலில் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும்.

கோப்பும் உரிமையும்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். லோகோவைப் படமாக மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது. சமூக ஊடகத்துக்காகச் செய்த 1080 புள்ளி அகலமுள்ள படத்தை, நல்ல அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் அச்சிட்டால் 3.6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான் வரும். அதையே ஏ4 தாளின் முழு அகலத்துக்கு இழுத்தால் ஓரங்கள் சிதறும். கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கப்படும் வெக்டர் கோப்புக்கு இந்த வரம்பு இல்லை; விசிட்டிங் கார்டிலும் கட்டடத்தின் உச்சியிலும் ஒரே கூர்மையோடு நிற்கும். வெக்டராகவே சேமித்த எஸ்விஜி, பிடிஎஃப் வடிவங்களில் லோகோ, அதோடு வரைந்த மென்பொருளின் மூலக் கோப்பு, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரே நிறத்தில் ஒரு வடிவம், நிறங்களின் எண்கள், எழுத்துருவின் பெயர் ஆகியவற்றை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

நிற எண்களைத் திரைக்கு ஆர்ஜிபி முறையிலும் அச்சுக்கு சிஎம்ஒய்கே என்ற நான்கு மை முறையிலும் தனித்தனியே கேட்க வேண்டும். திரையில் ஒளியால் உண்டாகும் மின்னும் பச்சையும் நீலமும் நான்கு மைகளால் அப்படியே வராது. அச்சான பிறகு "நான் பார்த்த நிறம் இது இல்லையே" என்று வரும் சண்டைகளில் பெரும்பகுதி இதனால்தான். அதிக எண்ணிக்கையில் அச்சிடும் முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தடுக்கு அமைப்பை இயக்காமல் விட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதைத் தவிர்க்கச் சிலர் இன்னும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறார்கள். தாளில் அது அழகாகவே இருக்கும். ஆனால் அந்த வாசகத்தை எடுத்து இணையதளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாக மாறிவிடும். எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி படிக்க உதவும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் வேலை செய்யத் தெரிந்தவரா என்று தொடக்கத்திலேயே கேட்பது நல்லது. முடிந்த வேலையைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

உரிமை விஷயத்தில், பல நாடுகளின் சட்டப்படி ஊழியர் தன் பணியின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் செய்தது, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, பணம் கொடுத்த பிறகும் செய்தவருக்கே சொந்தமாக இருக்கலாம். முழுப் பணமும் கிடைத்ததும் உரிமை உங்களுக்கு மாறுகிறது என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. பதிலுக்கு, அந்த வேலையைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்ட அவருக்கு அனுமதி கொடுங்கள். அவர் அடுத்த வேலையைப் பெறுவது அதை வைத்துத்தான்.

யாருக்கு எது

இரண்டு மூன்று ஆண்டாகத் தொழில் ஓடி, வாடிக்கையாளர் யார் என்று தெளிவாகத் தெரிந்தவர், தனி வடிவமைப்பாளர் ஒருவரிடம் லோகோ, லேபிள், நிறங்கள், பதிவுகளுக்கான நான்கைந்து வார்ப்புருக்கள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வாங்கிக்கொண்டு, அன்றாடப் பதிவுகளைத் தாமே செய்யலாம். ஏற்கெனவே அடையாளம் நிலைத்துவிட்டவருக்குச் சின்ன வேலைகள் மட்டுமே தேவை என்றால் இணையச் சந்தை போதும். கடைகளில் மற்றப் பொருட்களின் பக்கத்தில் நின்று விற்க வேண்டிய பொருளைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தப் போகிறவர் நிறுவனத்தையோ, பெட்டி வடிவமைப்பில் அனுபவமுள்ள தனி ஆளையோ தேடட்டும். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தொடங்கும் நிலையில் கையில் எதுவுமே இல்லாதவர் லோகோவைத் தள்ளிப்போடலாம். பெயரை ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினாலே அது அடையாளமாகிவிடும். கூகுள் ஃபான்ட்ஸ் தொகுப்பில் முக்தா மலர், மீரா இனிமை, பவனம் போன்ற தமிழ் எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு மாற்றாமல் பயன்படுத்துங்கள். பிறகு வடிவமைப்பாளரிடம் போகும்போது, யார் வாங்குகிறார்கள், எதைக் கேட்டு வருகிறார்கள், பெயரை எங்கே பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கு உங்களிடம் உண்மையான பதில்கள் இருக்கும்.